பகாதது எனப்பட்ட பகு எண்



தமிழ் இலக்கணம் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என இரண்டாகப் பிரிக்கும். கணிதத் தமிழும் எண்களைப் பகு எண், பகா எண் என்றே வழங்குகிறது. 15 என்பது 3, 5 எனப் பகுபடும். 13, ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாது. சிறிய எண்ணில் இதனை நொடியில் காணலாம். எண் பெரிதானால் என் செய்வது? 147573952589676412927 என்னும் 21 இலக்க எண்ணின் வரலாறு இதற்கு விடை கூறும்.

67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, 1 கழித்தால் இவ்வெண் கிடைக்கும். பிரான்சு நாட்டுத் துறவியாகிய மெர்சென் 1644இல் ஒரு பட்டியல் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 11 மட்டுமே இவ்வகையில் பகா எண்ணைத் தரும் என்றார். 67ஐயும் அவற்றுள் சேர்த்தார். நிறுவல் எதுவும் தரவில்லை. ஆயினும் 67 பற்றிய கூற்று இருநூறாண்டுகளுக்கு மேல் மறுக்கப்படாமல் நின்றது.

1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா, காரணிகளைத் தேடாமலே சோதிக்கும் வழியைக் கண்டார். பின்னர் 1930இல் லேமர் அதனை எளிமையாக்கினார். 4இல் தொடங்கி, அதனை வர்க்கமாக்கி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்தல் வேண்டும். ஏழாம் அடுக்கில் பிறக்கும் 127க்கு மீதிகள் 14, 67, 42, 111, 0 என வரும். அடுக்கினும் இரண்டு குறைந்த ஐந்தாம் படியில் சுழி வந்தமையால் 127 பகா எண். அப்படியில் சுழி வாராவிடின் அது பகு எண்.

67ஆம் அடுக்கில் பிறக்கும் எண் பகு எண்ணே என லூக்கா நிறுவினார். ஆனால் அதன் காரணிகள் வெளிப்படவில்லை. வீட்டினுள் ஆள் உண்டு என அறிவது வேறு. அவர் யார் என அறிவது வேறு அன்றோ? பெருக்குதல் எளிது, பகுத்தல் அரிது என்னும் இவ்வுண்மையின்மீதே 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகியோர் வகுத்த மறைகுறியீட்டு முறை நிற்கிறது.

இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், அதனை 134ஆல் வகுத்தால் 1 மீதி வரும். இவ்விதி தேடலைச் சுருக்கும். ஆயினும் வரிசையாகச் சோதிப்பவர் முதற் காரணியை 14,45,580ஆம் இடத்தில்தான் காண்பார். கணிப்பொறி இல்லாத காலத்தில், மேலும் பல விதிகளால் தேடலைக் குறுக்கி அதனைக் கண்டவர் அமெரிக்கப் பேராசிரியர் கோல்.

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் கூடிய கணித அவையில், அவர் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் அப்பெரிய எண்ணைக் கணக்கிட்டார். பின்னர் 193707721, 761838257287 என்னும் இரண்டையும் பெருக்கிக் காட்டினார் என்பர். விடைகள் ஒன்றாயின, அவை கைதட்டியது. மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என அவர் கூறியதாகவும் சொல்வதுண்டு.

மெர்சென் பட்டியலில் 67, 257 ஆகியவை தவறாகப் புகுந்தவை. 61, 89, 107 விடுபட்டவை. ஆயினும் இவ்வகைப் பகா எண்கள் இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றன. 2024இல் கண்டறியப்பட்ட 4,10,24,320 இலக்கப் பகா எண்ணும் மெர்சென் எண்ணே. முன்னோரின் பெயரைப் போற்றுவதும் அவர் கூற்றைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. கணித உலகம் இரண்டையும் செய்தது. இலக்கிய உலகிற்கும் அதுவே நெறியாதல் தகும்.