கருவுக்கு நாள் குறிக்கும் சட்டமும் நாம் மறந்த கடமையும்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட மார்க்க விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கருக்கலைப்பைப் பற்றியெல்லாம் மேடையில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். மாதவிடாய்ச் சட்டத்தையும் குளிப்புக் கடமையையும் வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொண்ட சமுதாயம் இது. அன்சாரிப் பெண்களை அந்தத் துணிவுக்காக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் மூடி வைத்தால் பாதிக்கப்படுவது நம் வீட்டுப் பெண்கள்தான்.

அமெரிக்காவில் 1973ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக்கியது. அதே நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று அந்த உரிமையைப் பறித்தது. அதிலிருந்து அங்கே இரண்டு கோஷங்கள் இன்னும் உரக்கக் கேட்கின்றன. "என் உடல், என் விருப்பம்" என்பது ஒன்று. "கரு உண்டான நொடியிலிருந்து கலைத்தால் கொலை" என்பது மற்றொன்று. நம் இளைஞர்களில் சிலர் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் இரண்டாவதையே இஸ்லாம் என்று எழுதுகிறார்கள். சகோதரர்களே, இரண்டும் நம்முடைய அளவுகோல் அல்ல. நம் நாட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. நம் மார்க்கத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு பேசுவோம்.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

வெள்ளைக்காரன் 1860ல் எழுதிய தண்டனைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்கன்றி மற்ற கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. பெண்கள் மறைவிடங்களில் கைவைத்தியத்திற்குப் போய்ச் செத்தார்கள். 1964ல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 1971ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 20 வாரம் வரை, குறிப்பிட்ட காரணங்களுக்காக, தகுதியுள்ள மருத்துவர் செய்யலாம் என்றது. 2021ல் அது திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். அதுவும் கற்பழிக்கப்பட்டவர், சிறுமியர், கர்ப்ப காலத்தில் விதவையானவர் அல்லது தலாக் பெற்றவர், ஊனமுற்றவர் போன்ற சிலருக்கு மட்டும். 24 வாரத்துக்குப் பின், கருவில் கடுமையான குறைபாடு உண்டென்று மருத்துவ வாரியம் சொன்னால் அனுமதி. தாயின் உயிரைக் காக்க உடனே தேவை என்றால் கெடுவே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே இதற்குத் தேவை. கணவன் கையெழுத்து வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அவள் பெயரை வெளியிடும் மருத்துவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. அவள் சம்மதமின்றிக் கருவைக் கலைத்தால், கலைத்தவருக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கும்.

ஷரீஅத்தின் அளவுகோல்

வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று குர்ஆன் தடுக்கிறது. உயிருடன் புதைக்கப்பட்ட பெண் குழந்தை மறுமையில் விசாரிக்கப்படும் என்று எச்சரிக்கிறது. இது அடிப்படை. இதற்கு மேல் கருவின் படித்தரங்களை நம் இமாம்கள் ஆராய்ந்தார்கள்.

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் ஹதீஸின்படி, கரு நாற்பது நாற்பது நாட்களாக மூன்று கட்டம் கடந்தபின் வானவர் வந்து ரூஹை ஊதுகிறார். ஆக 120 நாட்கள். அதற்குப் பிறகு கலைப்பது ஹராம் என்பதில் மத்ஹபுகளிடையே பேதமில்லை. தாயின் உயிர் போகும் என்ற நிலை ஒன்றே விதிவிலக்கு.

அதற்கு முன்? மாலிக்கி மத்ஹபில் ஆரம்பத்திலிருந்தே தடை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஆரம்பத்திலேயே அது குற்றம் என்றும், கரு வளர வளரக் குற்றமும் வளரும் என்றும் விளக்கினார்கள். மற்ற ஷாஃபிஈ அறிஞர்களில் சிலர் 120 நாளுக்கு முன் இடம் தருகிறார்கள். ஹனஃபி சட்ட நூல்கள் தக்க காரணம் இருந்தால் அனுமதிக்கின்றன. அவர்கள் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்: பால் குடிக்கும் பிள்ளை மடியில் இருக்கிறது, தாய் மீண்டும் கருவுற்றுப் பால் வற்றுகிறது, கூலிக்குப் பாலூட்டுபவளை அமர்த்தத் தகப்பனிடம் வசதியில்லை, பிள்ளை இறந்துவிடுமோ என்ற அச்சம். ஏட்டில் உட்கார்ந்து எழுதியவர்கள் அல்லர் அந்த ஃபுகஹாக்கள். ஒரு ஏழைத் தாயின் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து எழுதினார்கள்.

1990ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை, தீர்க்க முடியாத கடும் குறைபாடு கருவில் இருப்பதை நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்தால், 120 நாட்களுக்கு முன், பெற்றோர் வேண்டினால் கலைக்கலாம் என்று முடிவு செய்தது. 120 நாள் கடந்துவிட்டால் குறைபாட்டுக்காகக் கலைக்கக் கூடாது என்றும் அதே முடிவில் சொன்னது.

இரண்டு கணக்கு

வணிகர்களுக்குக் கணக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் இந்தக் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். மருத்துவர் வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார். கரு உண்டாவதோ ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. ஹதீஸின் 120 நாள் கரு உண்டானதிலிருந்து. 120 நாளுடன் 14 நாளைக் கூட்டினால் 134 நாள். அதாவது மருத்துவர் கணக்கில் 19 வாரமும் ஒரு நாளும். ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம். சட்டத்தின் பழைய 20 வாரக் கெடுவும் மார்க்கத்தின் 120 நாளும் ஒரு வார இடைவெளிக்குள் நிற்கின்றன!

கருவின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனைப் பொதுவாக 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். இருபதாவது வாரம் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், ஆலிமிடம் கேள்வியைக் கொண்டுவரும்போது அவர் பதில் சொல்ல வேண்டிய நாள் கடந்திருக்கும். 18 வாரம் தொடங்கியதுமே அழைத்துச் செல்லுங்கள். இதில் சோம்பல் வேண்டாம்.

கெடு தாண்டியது யாரால்?

2023 அக்டோபரில் நாடே பார்த்த வழக்கு ஒன்று. 27 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறார். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிடாய் வரவில்லை. மூன்றாவது கரு உண்டானதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது 24 வாரம் கடந்திருந்தது. உச்சநீதிமன்றம் 9ஆம் தேதி அனுமதித்தது. 11ஆம் தேதி அதே இரு நீதிபதிகள் தங்களுக்குள் மாறுபட்டார்கள். 16ஆம் தேதி தலைமை நீதிபதி அடங்கிய மூவர் அமர்வு, தாயின் உயிருக்கு ஆபத்தில்லை, கருவுக்குக் குறைபாடில்லை என்று சொல்லி மறுத்துவிட்டது. பிரசவச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றது.

தீர்ப்பைப் பற்றி வாதாடியவர்கள் ஏராளம். 26 வாரம் கடந்த கருவைப் பொறுத்தவரை நம் மார்க்கத்தின் முடிவும் அதுவே. ஆனால் நான் கேட்பது வேறு. அந்தத் தாயின் கதையும் ஹனஃபி நூலில் உள்ள பாலூட்டும் தாயின் கதையும் ஒன்றுதானே? அவளைப் போன்றவர்களின் கஷ்டம் 8ஆவது வாரத்தில் கேட்கப்படாமல் 26ஆவது வாரத்தில் நீதிமன்றத்துக்கு ஏன் வருகிறது?

வெட்கத்தால் வருகிறது. விஷயத்தை மறைக்கும் சிறுமியால், நம் பெயர் கெட்டுவிடும் என்று அவள் வாயை அடைக்கும் குடும்பத்தால் வருகிறது. சம்பாதிக்க வெளிநாடு போன கணவனிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டுக் காத்திருப்பதால் வருகிறது. கர்ப்பிணியாக இருக்கும்போதே தலாக் சொல்லித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதால் வருகிறது. பிரசவம் வரை அவள் இத்தா இருக்க வேண்டும், அதுவரை அவன் சோறு போட வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. எத்தனை பேர் கொடுக்கிறார்கள்? எத்தனை ஜமாஅத்துகள் கேட்டு வாங்கிக் கொடுத்தன?

இன்னும் வெட்கக்கேடு ஒன்று உண்டு. தமிழகத்தில் பெண் சிசுக்கொலை நடக்கிறது என்று உலகமே பேசியபோது, 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. நாமோ, அது வேறு சமூகத்தின் பாவம் என்று இருந்துவிட்டோம். வரதட்சணை நம் மஹல்லாவில் இல்லையா? நகைக்கும் ரொக்கத்துக்கும் பேரம் பேசிவிட்டு நிக்காஹ் நடக்கவில்லையா? மூன்றாவதும் பெண் என்றால் முகம் கறுக்கவில்லையா? பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுக்கும் அரபியனைக் குர்ஆன் கண்டித்ததே! கருவின் பாலினம் பார்ப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பார்க்கச் சொல்பவருக்கும் மூன்றாண்டு வரை சிறை. பெண் அதற்கு உட்பட்டால், கணவனும் உறவினரும் கட்டாயப்படுத்தினார்கள் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். பெண் என்பதற்காகக் கருவைக் கலைப்பதற்கு எந்த மத்ஹபிலும், எந்த நாளிலும் இடமில்லை.

நாம் செய்ய வேண்டியவை

மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரரே, மருத்துவரின் சீட்டில்லாமல் கருக்கலைப்பு மாத்திரையை விற்காதீர்கள். கடைக்குப் பின்னால் நடக்கும் இரத்தப்போக்கு உங்கள் கல்லாவில் தெரியாது. மறுமைக் கணக்கில் தெரியும்.

செல்வந்தர்களே, ஜகாத்துக்கு மேல் ஸதகாவிலிருந்து கர்ப்பிணிகளுக்கு ஒரு நிதி ஒதுக்குங்கள். ஸ்கேனுக்கும் பிரசவத்துக்கும் பணமில்லை என்ற காரணம் மஹல்லாவில் இருக்கவே கூடாது. ஜமாஅத் நிர்வாகிகளே, நம்பகமான பெண் மருத்துவர் ஒருவரையும் மார்க்கம் கற்ற பெண் ஆலிமா ஒருவரையும் பெண்கள் தயக்கமின்றி அணுக வழி செய்யுங்கள். கர்ப்பிணியின் செலவுத் தொகையைக் கணவனிடமிருந்து வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு. இளைஞர்களே, பெண்ணின் கருப்பையைப் பற்றிக் கோஷம் போடுமுன், வரதட்சணை வாங்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.

பாவத்தை ஒப்புக்கொண்டு தண்டனை கேட்டு வந்த கர்ப்பிணியை, பிள்ளை பெற்றுப் பால்குடி மறக்கும்வரை திருப்பி அனுப்பியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஒரு கருவுக்காகத் தண்டனையையே காத்திருக்க வைத்தார்கள். அந்த உம்மத்தைச் சேர்ந்த நாம் ஒரு கர்ப்பிணிக்காக நம் வசதியை, நம் கௌரவத்தைக் கொஞ்சம் காத்திருக்க வைக்கக் கூடாதா?

24 வாரமா, 20 வாரமா என்பதைப் பாராளுமன்றமும் நீதிமன்றமும் முடிவு செய்யட்டும். நம் கருத்தை அங்கே தெளிவாகச் சொல்வோம். ஆனால் முதல் வாரத்திலிருந்து அவளைத் தனியே விடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. அதற்கு யாரும் சட்டம் போட வேண்டியதில்லை. அல்லாஹ் நமக்கு அந்த ஈமானையும் இரக்கத்தையும் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.