பிக்கப் வண்டியின் இழுவைக் கொக்கி
(பாகான் டத்தோ வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, கிராணிமார்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சம்பளமுமல்ல, போனசுமல்ல. ஓர் இரும்புக் கொக்கி. இதற்கும் ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் வண்டி சேற்றில் புதைந்ததும் மண்டோர் கூப்பிடுவது நம்மைத்தான். குனிந்து கயிறு மாட்டுகிறவர்கள் நாம்; கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களும் நாமே.

வடக்கே பேராக் ஆறு, தெற்கே பெர்ணம் ஆறு, மேற்கே மலாக்கா நீரிணை. இவற்றுக்கு நடுவே, பண்டு கட்டிக் கால்வாய் வெட்டி மீட்ட கடற்களிமண் பூமி நம்முடையது. பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. மண் மட்டும் மாறவில்லை. ஒரு நல்ல மழை பெய்தால் காட்டுப் பாதை கஞ்சியாகிவிடும்.

புதைந்த வண்டியை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும்? இவ்வேலை தெரிந்தவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சக்கரம் அளவுக்குப் புதைந்தால் வண்டியின் எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். மட்கார்டு வரை போனால் இரு மடங்கு. வண்டி 2 டன், மேலே சுமை 1 டன் என்றால், அது 6 டன் இழுப்பாகிவிடுகிறது. ஆகவே முதலில் சுமையை இறக்குங்கள்; மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் வழி வெட்டுங்கள். அரை மணி நேரம் வீணாகிறதே என்று கத்துகிறவர் கத்தட்டும்.

எதில் மாட்டுவது? பின்பக்கம் டிரெய்லர் மாட்டும் உருண்டை இருக்கிறதே, அதில் ஒருபோதும் மாட்டலாகாது. அது டிரெய்லரை நிதானமாக இழுத்துச் செல்லச் செய்யப்பட்டது. வெட்டி இழுத்தால் கழுத்தோடு முறிந்து, பீரங்கிக் குண்டுபோல் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படியே உயிர்கள் போயிருக்கின்றன. வண்டி மீட்கும் பட்டைகளில் எச்சரிக்கை வாசகம் இருந்தே ஆகவேண்டும் என்று அந்நாட்டில் விதியே செய்திருக்கிறார்கள். முன்பக்கம் அடியில் தெரியும் மெல்லிய வளையத்தையும் நம்பிவிடாதீர்கள். பல வண்டிகளில் அது கப்பலில் வண்டியைக் கட்டிவைப்பதற்கு மட்டுமே உள்ளது. வண்டியோடு வந்த புத்தகத்தில் எது எதற்கென்று போட்டிருக்கும். கிராணிமார்கள் அதைப் படித்துச் சொல்வது பெரிய உதவி.

கொக்கி வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். அடித்து உருவாக்கிய எஃகுக் கொக்கியில் தாங்கும் அளவு பொறித்திருக்கும். 10,000 பவுண்டு என்றால் சுமார் 4½ டன். வளைத்த கம்பியை வெல்டு வைத்து விற்பதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடவேண்டாம். ஷேக்கிளும் அப்படியே: முக்கால் அங்குலத்தில் 4.75 டன் என்று பொறித்தது கிடைக்கும். எண்ணே இல்லாதது படகு கட்டத்தான் லாயக்கு.

மாட்டுவதில்தான் பெரும்பாலான பட்டறைகள் சறுக்குகின்றன. கொக்கி பம்பரில் அல்ல, சேசிஸ் சட்டத்தில் உட்காரவேண்டும். தயாரிப்பாளர் விட்டிருக்கும் துளைகளையே பயன்படுத்துங்கள். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதுத் துளை போட்டால் சட்டம் பலவீனப்படும். கொக்கியைச் சட்டத்தோடு வெல்டு வைப்பதும் தவறு. அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெட்டுப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது. பெட்டிபோன்ற சட்டத்தில் போல்ட் இருபக்கமும் ஊடுருவினால், உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைக்கவேண்டும். இல்லாவிட்டால் முடுக்க முடுக்கச் சட்டம் நசுங்கி, பிறகு போல்ட் தளர்ந்துவிடும்.

ஒரு கொக்கிக்குக் குறைந்தது இரண்டு போல்ட். தலையில் 8.8 அல்லது 10.9 என்ற எண் இருக்கவேண்டும். 12 மில்லிமீட்டர் 8.8 போல்ட் ஒன்று நிலை மாறாமல் சுமார் 5 டன் நேரிழுப்பைத் தாங்கும். எண்ணில்லாத போல்ட்டுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போடுகிறார்கள். கடல் காற்றுக்கு அது நல்லதுதான், ஆனால் சாதாரணமாகக் கிடைப்பது 8.8-ஐவிடப் பலம் குறைந்தது. தடித்த வாஷரும், தளராத நட்டும், டார்க் ரென்ச் கொண்டு முடுக்குவதும் அவசியம். முதல் இழுப்புக்குப் பின் மறுபடி பாருங்கள்.

முடிந்தால் இருபக்கச் சட்டத்திலும் ஒவ்வொரு கொக்கி போட்டு, நீளமான பட்டையால் இரண்டையும் இணைத்து நடுவிலிருந்து இழுக்கவேண்டும். பட்டை குட்டையாக இருந்தால் அதன் இரு கால்களும் அகன்று விரியும். ஒவ்வொன்றின் மீதும் பாரம் ஏறும். ஒரு பால் வாளியை இருவர் விலகி நின்று தூக்கிப் பாருங்கள், கை சொல்லும்.

இழுக்கும் நேரத்தில் கம்பிக் கயிறையோ சங்கிலியையோ வெட்டி இழுக்கக்கூடாது. அவை நீளாதவை, முழு அடியும் கொக்கியில் விழும். கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கையோ கம்பளியையோ போடுங்கள். அறுந்தால் பாய்ச்சலைக் கொஞ்சம் தணிக்கும். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் எல்லோரும் போய்விடவேண்டும். இரு வண்டிகளிலும் ஓட்டுநர் தவிர ஒருவரும் இருக்கலாகாது.

“நேரமில்லை, மாட்டு” என்று யாராவது சொன்னால்? 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி அபாயம் உண்டென்று நியாயமான காரணத்தோடு நாம் தெரிவித்தும் முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தைவிட்டு விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. வாயால் சொன்னதோடு நிற்காமல், கிராணிமார்கள் தேதியும் வண்டி எண்ணும் போட்டு எழுதிக்கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே ஒரு வண்டி நிற்கிறது. கைவிளக்கும் இருக்கிறது. நான்கு நான்கு பேராக வந்து அடியில் குனிந்து, போல்ட் தலையில் உள்ள எண்ணை நீங்களே வாசித்துப் பாருங்கள்.