மெஷின் நின்னுடுச்சா, நிறுத்தியாச்சா?

(சிறு தொழிற்கூடங்களின் உரிமையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நடந்த பாதுகாப்புப் பயிற்சி ஒன்றில் பயிற்றுநர் பேசியதன் எழுத்து வடிவம்)

முதலாளிகளும் தொழிலாளிகளும் ஒரே ஹால்ல உட்கார்ந்திருக்கீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான்.

ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். வேலையில் அடிபட்டு உறுப்பு போனால், சம்பாதிக்கும் திறன்ல எவ்வளவு போச்சுன்னு பார்க்க 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலேயே ஒரு அட்டவணை போட்டிருந்தாங்க. ஆட்காட்டி விரல் முழுசா போனா 14 சதவீதம். கட்டைவிரல் போனா 30 சதவீதம். ஒரு கையில நாலு விரலும் போனா 50 சதவீதம். சட்டை பட்டன் போடறது, குழந்தைக்குத் தலை பின்னறது இதெல்லாம் அந்த அட்டவணையில வராது.

விரல் அதிகமா போற இடம் பவர் பிரஸ். வடக்கே குருகிராம், மானேசர் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனிகள்ல அடிபட்டவங்களைச் சந்திச்சு, 'சேஃப் இன் இந்தியா' என்கிற அமைப்பு 2019-லிருந்து அறிக்கை வெளியிடுது. அதிலேயும் முதல்ல நிக்கறது பிரஸ்தான். அம்பத்தூர்லயும் கோயம்புத்தூர்லயும் ஓடறது வேற ஜாதி மெஷின் இல்லையே!

நம்ம பட்டறைகள்ல நிறைய இருக்கறது பழைய கீ கிளட்ச் பிரஸ். பெடலை மிதிச்சா கிளட்ச் ஃப்ளைவீலோட மாட்டிக்கும். மாட்டினா ஒரு முழு சுத்து சுத்திட்டுத்தான் விடும், நடுவுல நிறுத்தவே முடியாது. சில முதலாளிங்க கேக்கறாங்க, "சார், லைட் கர்ட்டன் வாங்கி மாட்டிடட்டுமா?"ன்னு. கை குறுக்கே வந்தா அது சிக்னல் கொடுக்கும், சரி. ஆனா இந்த மெஷினுக்கு நிக்கத் தெரியாதே! காசு செலவு பண்ணி வெறும் தைரியத்தை வாங்கின மாதிரிதான் ஆகும். இதுக்குச் சரியானது, டையைச் சுத்தி விரல் நுழையாத மாதிரி போல்ட் போட்ட நிலையான தடுப்பு. ஷீட் போற அளவுக்கு மட்டும் சந்து இருக்கணும். பீஸை வைக்கவும் எடுக்கவும் இடுக்கியோ காந்தமோ வச்சுக்கணும்.

ரெண்டு கை பட்டன் இருக்கற பிரஸ்ல, ஒரு பட்டனை ரப்பர் டியூப்பால கட்டி வச்சிருக்கறதைப் பார்த்திருக்கேன். ஏன் கட்டறாங்க? பீஸ் கணக்கு. தடுப்பு இருந்தா வேகம் குறையும்னு தொழிலாளியும் நினைக்கறார், சூப்பர்வைசரும் கண்டுக்கறதில்லை. கட்டினவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அந்த டார்கெட்டைப் போட்டவரும் பதில் சொல்லணும். இன்னொண்ணு, ரெண்டு பட்டனும் ஒழுங்கா இருந்தாலும் அது காப்பாத்தறது பட்டன் அழுத்தற ஆளோட கையை மட்டும்தான். பக்கத்துல நின்னு பீஸ் எடுக்கற ஹெல்பர் கைக்கு அது பாதுகாப்பு இல்லை.

பெல்ட், புல்லி, கியர் எல்லாத்துக்கும் கவர் வேணும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, தோள் துண்டு, இதுல எது மாட்டினாலும் ஆளையே இழுத்துடும். ஓடற பாகத்துக்கு உறுதியான தடுப்பு வேணும், மெஷின் ஓடும்போது அது அந்த இடத்திலேயே இருக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டம் 21-வது பிரிவுலேயே எழுதினாங்க. பெண்களையும் இளம் வயதினரையும் ஓடற மெஷினைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ விடக்கூடாதுன்னு 22-வது பிரிவு சொல்லிச்சு. அதோட சேர்த்து 13 சட்டங்களை 2020-ல் ஒரே தொகுப்பாக்கிட்டாங்க.

இப்ப தலைப்புக்கு வர்றேன். ரிப்பேர், டை மாத்தறது, சிக்கின பீஸை எடுக்கறது, இந்த நேரத்துலதான் தடுப்பைக் கழட்டுவோம். மோட்டாரை ஆஃப் பண்ணினாலும் ஃப்ளைவீல் சுத்திக்கிட்டே இருக்கும். அப்ப யாராவது பெடலை மிதிச்சா அடி இறங்கும். ஏர் லைன்ல காத்து தங்கியிருக்கும். ஹைட்ராலிக்ல அழுத்தம் நிக்கும். தூக்கி நிக்கற ராமுக்கு அதோட எடை போதும், கரண்ட்டே வேண்டாம். சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அமுக்கியாச்சேன்னு உள்ளே கை விடாதீங்க. அது கண்ட்ரோல் லைனை மட்டும் வெட்டும், மெயின் கரண்ட் பேனல் வரைக்கும் வந்து நிக்கும்.

அதனால மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி, அதுல பூட்டுப் போடுங்க. சாவி வேலை செய்யறவர் பாக்கெட்ல இருக்கணும், சூப்பர்வைசர் மேஜையில இல்லை. மூணு பேர் வேலை செஞ்சா மூணு பூட்டு. பேர் எழுதின அட்டை ஒண்ணு தொங்கணும். ஃப்ளைவீல் முழுசா நிக்கட்டும், காத்தைத் திறந்து விடுங்க, ராமுக்குக் கீழே முட்டுக் கொடுங்க. எல்லாம் முடிஞ்சதும் ஸ்டார்ட் பட்டனை ஒருதரம் அழுத்திப் பாருங்க. ஓடலைன்னாதான் கை வைக்கலாம். போட்டவர்தான் பூட்டை எடுக்கணும். "நான் போன் பண்ணினதும் ஆன் பண்ணு"ங்கற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். ஷெட் சத்தத்துல "பண்ணாதே"ங்கறது "பண்ணு"ன்னு கேக்கும்.

போன்னதும் ஞாபகம் வருது. உங்க எல்லார் கையிலயும் ஸ்மார்ட்போன் இருக்கு. உங்க சம்பளத்துல இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடிக்கறாங்க, முதலாளி 3.25 சதவீதம் போடணும். அது கட்டப்படுதான்னு உமாங் செயலியில உங்க இன்சூரன்ஸ் நம்பரைப் போட்டுப் பாருங்க. நான் சொன்ன அறிக்கைகள்ல திரும்பத் திரும்ப வர்ற புகார், விபத்துக்கு அப்புறம்தான் இ.எஸ்.ஐ. அட்டையே கைக்கு வந்ததுங்கறது. வேலைக்காயத்துக்கு வேலையில சேர்ந்த முதல் நாள்லேர்ந்தே உரிமை உண்டு. தற்காலிகமா வேலை செய்ய முடியாம இருந்தா கூலியில 90 சதவீதம் கிடைக்கும். வீட்டுல விழுந்துட்டேன்னு ஆஸ்பத்திரியில சொல்லச் சொன்னா சொல்லாதீங்க. வேலைக்காயம்னு பதிவாகலைன்னா இழப்பீடு சிக்கலாயிடும். இ.எஸ்.ஐ. இல்லாதவங்க இழப்பீடு கேக்க ரெண்டு வருஷம் டைம் உண்டு.

தடுப்பு இல்லாத மெஷின் பத்தி தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குச் சொல்லலாம். எங்க போறதுன்னு தெரியலைன்னா 1100-க்குக் கூப்பிடுங்க. புகார் யார் கொடுத்ததுன்னு ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது, அதுவும் சட்டம்தான்.

கடைசியா ஒண்ணு. விரல் துண்டாயிட்டா 108-ஐக் கூப்பிட்டு, காயத்தைச் சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல வைங்க. ஐஸ் நேரா விரல்ல படக் கூடாது, பட்டா திசு கெட்டுப்போயிடும். சென்னையில ஸ்டான்லி அரசு மருத்துவமனையில கை அறுவை சிகிச்சைக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. எவ்வளவு சீக்கிரம் போறோமோ அவ்வளவு நல்லது.

வெளியே ஒரு பிரஸ்ஸும் ஆளுக்கொரு பூட்டும் வச்சிருக்கோம். வாங்க, போட்டுப் பார்க்கலாம். கேள்விகளை அங்கேயே கேளுங்க.