கேமரா பரிசு: மெகாபிக்சலை விடுங்க, எடையைப் பாருங்க

ஊர் சுத்துற ஃப்ரெண்டுக்கோ தங்கச்சிக்கோ கேமரா வாங்கித் தரணும்னு காசு சேர்த்து வெச்சிருக்கீங்களா? கடையில முதல்ல காதுல விழுறது மெகாபிக்சல் கணக்குதான். ஆனா 4கே டிவி திரையை நிரப்ப சுமார் 8 மெகாபிக்சல் போதும். இப்போ வர்ற கேமராக்கள் பெரும்பாலும் 20-ஐத் தாண்டிடுது. அதனால அந்தக் கவலையை விடுங்க.

கேட்க வேண்டிய கேள்வி, எடை எவ்வளவு? அவங்க லடாக் போறாங்கன்னு வைங்க. லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரம். மூச்சு வாங்க நடக்குறப்ப, லென்ஸோட ஒரு கிலோவைத் தாண்டுற கேமரா பைக்குள்ளயே தூங்கிடும். ரிக்கோ ஜிஆர் 3, பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்தே 257 கிராம்தான். பாக்கெட்ல அடங்கும். ஆனா ஆப்டிகல் ஜூம் கிடையாது. பறவைகளைத் தேடிப் போற ஆளுக்கு இது சரிப்படாது. அதனால வாங்குறதுக்கு முன்னாடி, அவங்க போன்ல என்ன மாதிரி படங்கள் அதிகம்னு பாருங்க.

அடுத்து பேட்டரி. குளிர்ல சீக்கிரம் இறங்கிடும். ஸ்பேர் பேட்டரி ஒண்ணும் மெமரி கார்டு ஒண்ணும் சேர்த்தே கொடுங்க. விமானத்துல ஸ்பேர் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்கணும், செக்-இன் பெட்டியில கூடாது.

கடைசியா, சர்ப்ரைஸ்னு சொல்லி ஏர்போர்ட்ல வெச்சு நீட்டாதீங்க. ரெண்டு வாரம் முன்னாடியே கொடுத்துடுங்க. தெருமுனை டீக்கடையில எடுத்துப் பழகின கை, பாங்காங் ஏரி முன்னாடி தடுமாறாது.