மணிமேகலை எங்கே?

(மண்டைக்காட்டில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படித்தவர்களுக்குத் திரைப்படம் தந்தது மகிழ்ச்சியா? ஏமாற்றமா? 'ஏமாற்றமே' என்ற அணியில் தமிழ்ப் பேராசிரியர் ஆற்றிய உரை.)

எங்களோடு மோத வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! கடற்காற்றையும் கொசுக்கடியையும் பொருட்படுத்தாமல் மணலில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

இது என் சொந்த ஊர். பெண்களின் சபரிமலை என்று பேர் எடுத்த ஊர். மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வருகிற ஊர். எங்க ஊர்க்காரங்களுக்குத் தலைவலி வந்தால் மருந்துக் கடைக்கு ஓடுறதுக்கு முன்னால, அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொள்வோம். அம்மன் சரியாக்கிடுவா. நான் யோசிச்சுப் பார்த்தேன். ஐந்து பாகம், 293 அத்தியாயம். அதை ரெண்டு படத்துக்குள்ளே அடக்கணும்னு மணிரத்னம் எத்தனை ராத்திரி தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்? ஒரு நடை இங்கே வந்து ஒரு மண்டையப்பம் வச்சிருந்தா, இன்னிக்கு எங்க அணிக்கே வேலை இருந்திருக்காது! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி நண்பர் பேசும்போது, "படத்தைக் குறை சொல்ல இவர்களுக்கு என்ன தகுதி?" என்று கேட்டார். ஐயா, நாங்கள் படத்தை மட்டம் தட்ட வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.ஆர். எடுக்க ஆசைப்பட்டார், முடியவில்லை. மணிரத்னமே ஒருமுறை முயன்று கைவிட்டார். பிறகு விடாமல் முயன்று, 2022 செப்டம்பர் 30-இல் முதல் பாகத்தையும் 2023 ஏப்ரல் 28-இல் இரண்டாம் பாகத்தையும் கொண்டு வந்தார். சாதாரண காரியமா? கப்பல் சண்டையைப் பார்த்து நானும் நாற்காலி நுனிக்கு வந்தவன்தான். ரவிவர்மன் ஒளிப்பதிவும் ரகுமான் பின்னணி இசையும் தேசிய விருது வாங்கியது சும்மா இல்லை. போதாததற்கு, வசனம் எழுதிய ஜெயமோகன் எங்க குமரி மாவட்டத்துக்காரர். சொந்த மாவட்டத்துக்காரர் எழுதின படத்தையே குறை சொல்லணும்னு என்னை இந்த அணியில் கொண்டு வந்து உட்கார வச்சீங்களே, நடுவர் ஐயா, இது நியாயமா? (சிரிப்பு)

ஆனால் தலைப்பு என்ன? படம் நல்லதா கெட்டதா என்பதல்ல தலைப்பு. நாவலைப் படித்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி. படிக்காதவன் படம் பார்த்தான், மகிழ்ந்தான், வீட்டுக்குப் போனான். அவனைப் பற்றி நமக்கு வழக்கே இல்லை. படித்தவன் கதை வேறே. அவன் டிக்கெட் எடுக்கும்போதே அவனுக்குள்ளே ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது சாதாரணப் படம் இல்லைங்க. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கிய கதை 1954-இல்தான் முடிந்தது. மூன்றரை வருஷம்! வாரம் ஒரு தடவை பத்திரிகை வரும். முதல் ஆள் வாசிக்கிறதுக்குள்ளே பக்கத்து வீட்டு ஆள் வாசலில் வந்து நிற்பார். மணியம் வரைந்த வந்தியத்தேவனைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் இவன் பிழைப்பானா மாட்டானா என்று ஏழு நாள் கவலைப்பட்ட ஜனங்கள். பின்னாளிலும் அந்த இதழ் திரும்பத் திரும்பத் தொடராகப் போட்டது. தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள். அப்படி ஊறின கதையை ஐந்தரை மணி நேரத்தில் காட்டினால் எப்படிங்க? எங்க அம்மா மூணு மாசம் வெயிலில் வச்சு ஊறவைத்த ஊறுகாயை, அவசரத்துக்கு வினிகர் ஊற்றி மூணு மணி நேரத்தில் செய்து தந்தால், அது ஊறுகாய்தான். நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனா அம்மா கைப்பக்குவம் தெரிஞ்ச நாக்கு சும்மா இருக்குமா? (கைதட்டல்)

"நேரம் இல்லை, அதனால் வெட்டினார்கள்" என்றார் எதிரணி நண்பர். சரி, வெட்டட்டும். எதை வெட்டினார்கள்? அங்கேதான் நான் வழக்குப் போடுகிறேன்.

சேந்தன் அமுதன் என்று ஒரு பிள்ளை. பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கிறவன். நாவலின் முடிவில் அவன்தான் உண்மையான இளவரசன் என்று தெரிகிறது; அவன் தலையில் சோழ மணிமுடி ஏறுகிறது. படத்தில் அவன் கடைசிவரை பூத்தொடுத்துக்கொண்டே இருக்கிறான். பாவம்! (சிரிப்பு) அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. மணிமேகலை. படத்தில் மணிமேகலையே இல்லை!

படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கடம்பூர் சம்புவரையர் மகள், கந்தமாறன் தங்கை. தன் நண்பன் வந்தியத்தேவனைப் பற்றி அண்ணன் புகழ்ந்து புகழ்ந்து சொல்ல, ஆளைப் பார்க்காமலே மனசைக் கொடுத்த பெண். அந்த அண்ணனே பிறகு, "அவனை மறந்துவிடு" என்கிறான். மறக்க முடியுமா? வந்தியத்தேவன் மனசோ குந்தவையிடம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும், ஆதித்த கரிகாலன் கொலைப் பழி வந்தியத்தேவன் தலையில் விழும் என்றபோது, "நான்தான் கொன்றேன்" என்று பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்ட பெண். கடைசியில் சித்தம் கலங்கி, வந்தியத்தேவன் மடியிலே உயிர் விடுகிறாள்.

இப்போது நடுவர் ஐயா ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 293 அத்தியாயத்தில் கடைசி அத்தியாயம் யாருக்கு? ராஜராஜனுக்கா? இல்லை. குந்தவைக்கா? இல்லை. நந்தினிக்கா? இல்லை. மணிமேகலையின் மரணத்தோடுதான் கல்கி கதையை முடிக்கிறார். அரசர்களும் சதிகாரர்களும் நிறைந்த இந்தப் பெரிய கதையிலே, கடைசிச் சொட்டுக் கண்ணீரை யாருக்கு எடுத்து வைத்தார்? பிரதிபலன் எதிர்பாராமல் அன்பு வைத்த ஒரு சின்னப் பெண்ணுக்கு. அந்தப் பெண்ணுக்குத்தான் படத்தில் இடம் இல்லை!

"அவள் வரலாற்றில் இல்லையே" என்று யாராவது எழுந்து சொல்லலாம். நந்தினி மட்டும் வரலாற்றில் இருக்கிறாளா? பூங்குழலி இருக்கிறாளா? உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் பேர் இருக்கிறது. தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவர் பேர் இருக்கிறது. மற்ற பெண்கள் பலரும் கல்கி மனசில் பிறந்தவர்கள்தான். நந்தினிக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு மணிமேகலைக்கு ஏன் கிடைக்கவில்லை? (கைதட்டல்)

எதிரணித் தலைவர் கம்பனைத் துணைக்குக் கூப்பிட்டார். "வான்மீகியைக் கம்பன் மாற்றவில்லையா?" என்றார். மாற்றினான் ஐயா. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதையைச் சேர்த்தான். ஆனால் திருவரங்கத்தில் அரங்கேற்றம் நடந்தபோது என்ன ஆனதாகச் சொல்கிறார்கள்? அவையில் இருந்தவர்கள், "மூலத்தில் இல்லாததை எப்படிச் சேர்க்கலாம்?" என்று மடக்கினார்கள், கடைசியில் மேட்டழகிய சிங்கரே தலையசைத்து ஏற்றுக்கொண்டார் என்பது செவிவழிச் செய்தி. கம்பனுக்கே கேள்வி! கேட்டவர்கள் கம்பனின் எதிரிகளா? இல்லை, ராம கதையில் ஊறினவர்கள். நம்ம ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது பார்த்திருப்பீங்க. புலவர் நேரமாகிவிட்டதென்று கதையில் ஒரு கட்டத்தைத் தாண்டிப் போனால், முன் வரிசையில் வெற்றிலை இடிக்கிற பாட்டி கேட்பாள்: "ஓய், அந்தப் பாகத்த விட்டுட்டீரே!" கதை தெரிந்தவளுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

அவ்வளவு ஏன்? கல்கிக்கே இது நடந்தது. நாவல் முடிந்ததும், "இப்படித் திடீரென்று முடிக்கலாமா? அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்?" என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி கோபப்பட்டாரா? உட்கார்ந்து ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். ஆகவே, ஏமாற்றம் என்பது அன்பு வைத்தவனின் உரிமை. வழியில் போகிறவன் நம்மை ஏமாற்ற முடியாது, வேண்டியவர்தான் முடியும்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

மணி அடிக்காதீங்க ஐயா, மணிமேகலைக்காக ரெண்டு நிமிஷம் கொடுங்க. (சிரிப்பு) என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். எட்டாம் வகுப்போடு நின்று, அம்மாவோடு கயிறு திரிக்க உட்கார்ந்தவர். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ராத்திரி அம்மா தும்பைப் பிரித்துக்கொண்டிருக்க, தொடரைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த புத்தகத்தை வைத்துக்கொண்டு அக்கா சத்தமாக வாசிப்பார். நான் அக்கா மடியில் தலை வைத்துக் கேட்பேன். இன்றைக்கு என் பேருக்கு முன்னால் முனைவர் என்று போடுகிறார்கள். எனக்குத் தமிழ் சொல்லித் தந்த முதல் ஆசிரியை எட்டாம் வகுப்பு. அந்தக் கயிறு விற்ற காசில்தான் நான் கல்லூரிக்குப் போனேன்.

மணிமேகலை வருகிற இடங்களில் மட்டும் அக்கா குரல் இறங்கிவிடும். கடைசி அத்தியாயத்தை ஒரு தடவைகூட முழுசாக வாசித்து நான் கேட்டதில்லை. பாதியில் மூடிவிட்டு, "தூங்குடே, நேரமாச்சு" என்பார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று வீட்டில் நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை.

முதல் படம் வந்ததும் நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்குச் சந்தோஷம். வெளியே வரும்போது கேட்டார்: "லே மக்கா, மணிமேகலையை இன்னும் காணல்லியே? அடுத்த படத்துலயாக்கும் வருவா, இல்லியா?" நான் அலட்சியமாக, "வருவா அக்கா" என்று சொல்லிவிட்டேன். ஏழு மாதம் காத்திருந்தார்கள். இரண்டாம் படத்துக்கும் போனோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "அவ செத்ததுகூட யாருக்கும் தெரியாமப் போச்சேடே."

நான் பேராசிரியன் அல்லவா? உடனே வகுப்பு எடுத்தேன். திரைக்கதை என்றால் என்ன, பாத்திரக் குறைப்பு என்றால் என்ன என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "அதெல்லாம் சரிதாண்டே. நான் படத்தக் குறை சொல்லல்ல. எனக்கு அவளை ஒரு தடவ பாக்கணும்னு இருந்து." அவ்வளவுதான். என் முப்பது வருஷப் படிப்பில் அதற்குப் பதில் இல்லை.

பக்கத்தில் என் மகள் நின்றாள். ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். படத்துக்கு விசில் அடித்தவள். "அத்தை, யாரு அந்த மணிமேகலை?" என்று கேட்டாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து அந்தப் பழைய கட்டை எடுத்துக்கொண்டு வந்து வாசிக்க ஆரம்பித்தார். அக்காவுக்கு இப்போது கண் சரியில்லை. பத்துப் பக்கத்துக்கு மேல் முடியாது. அதற்கு மேலே என் மகள் வாசித்தாள். தப்பும் தவறுமாக, தட்டுத் தடுமாறி. அக்கா திருத்தித் திருத்திக் கேட்டார்கள். சித்திரையில் ஆரம்பித்தது, ஓணம் கழிந்தும் முடியவில்லை. கடைசி அத்தியாயத்தை என் மகள்தான் வாசித்தாள். என் வயசுக்கு அன்றைக்குத்தான் அதை முழுசாகக் கேட்டேன்.

எதிரணி நண்பர் இப்போது குதித்து எழுவார், தெரியும். "பார்த்தீர்களா! படம்தானே உங்கள் மகளைப் புத்தகத்துக்குக் கொண்டு வந்தது!" என்பார். இல்லை நண்பரே! படம் பார்த்து மகிழ்ந்தவள் மகிழ்ந்தபடியே தூங்கப் போயிருப்பாள். அவளைப் புத்தகத்துக்குக் கொண்டு வந்தது என் அக்காவின் ஏமாற்றம்! (நீண்ட கைதட்டல்)

ஆகவே, நாவலைப் படித்தவர்களுக்குக் கிடைத்தது ஏமாற்றமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமும் ஒரு விண்ணப்பம், தாய்மார்களே. படத்தில் அது இல்லை, இது இல்லை என்று வீட்டில் சண்டை போடுகிறோமே, அதோடு நிறுத்தாமல், இல்லாத அந்தப் பக்கத்தை எடுத்துப் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அக்கா அதோ மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும், வீட்டுக்குப் போனதும் எனக்குச் சோறு போடுகிறவர் அவர்தான். அதனால் நான் அணி மாற வழியே இல்லை!

(சிரிப்பு, கைதட்டல்)