பள்ளிக்கூடக் கமிட்டி யார் கையில்?

(அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அங்கம் வகிக்கும் பெற்றோர்களின் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நாற்று நடவிலிருந்து நேரே வந்திருக்கிறீர்கள். மில் தோழர்கள் இரவு ஷிப்டு முடித்து, கண் மூடாமல் வந்திருக்கிறீர்கள். ஆகவே அதிகம் பேசி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. ஒரே ஒரு விஷயம்: பள்ளிக்கூடத்து நோட்டில் நீங்கள் போடுகிற கையெழுத்து. அதற்கு என்ன மதிப்பு, அதை எப்படிப் போட வேண்டும் என்பதைப் பேசுவோம்.

மில்லில் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவது உங்களுக்குத் தெரியும். அந்தத் தாள் எங்கே போய், என்னவாகத் திரும்பி வரும் என்பதும் தெரியும். அனுபவப்பட்ட தொழிலாளி வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் அதே தொழிலாளியின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கமிட்டி நோட்டை நீட்டினால், நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறார். "டீச்சர் சொன்னாங்க, போட்டேன்" என்கிறார். இது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த உரிமை எப்படி வந்தது?

1953இல் சென்னை ராஜ்யத்தில் ஒரு திட்டம் வந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குத் தினம் மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்க வேண்டும், கூலிக்காரன் மகன் கூலிக்காரனாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். குலக்கல்வி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 1954இல் அது ஒழிந்தது.

1956இல் காமராஜர் காலத்தில் பகல் உணவுத் திட்டம் வந்தது. 1958 முதல், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறைக்குத் தலைமை வகித்த காலத்தில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, மணி, கடிகாரம் என்று ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். நம் பாட்டன்மாரில் பலர் அதனால்தான் நாலெழுத்துப் படித்தார்கள். ஆனால் அன்று கொடுத்தவருக்கு மேடையில் மாலை விழுந்தது. கொடுக்க வழியில்லாத கூலிக்காரரை யார் யோசனை கேட்டார்கள்?

இன்று நிலைமை வேறு. 2002இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, 6 வயது முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 21ஆவது பிரிவு சொல்வதைக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் வேண்டும். 2022இல் தமிழ்நாட்டில் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர்கள்.

பண்ணையாருக்கு அதில் தனி நாற்காலி கிடையாது. பிள்ளையைச் சர்க்கார் பள்ளிக்கு அனுப்புகிறவருக்குத்தான் நாற்காலி. அந்த நாற்காலியில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கமிட்டியின் வேலை என்ன?

பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று வளர்ச்சித் திட்டம் போடுவது இரண்டு. வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது மூன்று. இவை மூன்றும் சட்டத்தில் எழுதியிருக்கிற வேலைகள்.

சில கணக்குகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் அட்டவணைப்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, நல்ல குடிநீர், சுற்றுச்சுவர், விளையாட இடம் எல்லாம் அதிலேயே உண்டு.

பள்ளி மானியத்துக்கும் கணக்கு உண்டு. 2018இல் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்தின் விதிப்படி 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தம், சுகாதாரத்துக்குச் செலவாக வேண்டும்.

ஒரு கிராமத்தில் நடந்தது

எங்களுக்குத் தெரிந்த ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஆரம்பப் பள்ளி, 64 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். கமிட்டித் தலைவி விவசாயக் கூலித் தாய்; எழுதப் படிக்கத் தெரியாது. மாதாமாதம் நோட்டில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவருடைய மகள் உள்ளங்கை எரிகிறது என்று அழுதுகொண்டு வந்தாள். கழிப்பறையைக் கழுவச் சொன்னார்களாம். அவளையும் அதே தெருப் பிள்ளைகள் இரண்டு பேரையும் மட்டும்தான் சொன்னார்களாம். எந்தத் தெரு என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும்.

அந்தத் தாய் எங்களிடம் வந்தார். உடனே போய்ச் சத்தம் போடலாம் என்றார் ஒரு தோழர். நாங்கள் வேண்டாம் என்றோம். அடுத்த கூட்டத்துக்குக் கமிட்டியில் உள்ள பெண்கள் எல்லோரும் சேர்ந்து போங்கள் என்றோம். போனார்கள். வழக்கம்போல நோட்டு வந்தது. தலைவி சொன்னார்: "டீச்சரம்மா, எனக்கு எழுத்துத் தெரியாது. காது நல்லாக் கேக்கும். படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கைநாட்டு வெக்கிறேன்."

தலைமையாசிரியை படித்தார். சுத்தப் பொருள்களுக்கு 2,500 ரூபாய் என்று எழுதியிருந்தது. "சாமான் வாங்கியிருக்கீங்க, கழுவுறது யாரு?" என்று கேட்டார் தலைவி. பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலைமையாசிரியை உண்மையைச் சொன்னார். கழுவ ஆள் வருவது நின்று ஏழு மாதம். மேலே இரண்டு முறை எழுதினார், பதில் வரவில்லை. பிள்ளைகளை ஏவியது தப்பு என்று ஒப்புக்கொண்டார்.

அன்றே இரண்டு தீர்மானம் எழுதினார்கள். எந்தப் பிள்ளையும் கழிப்பறையைத் தொடக்கூடாது, துப்புரவுக்குப் பஞ்சாயத்து ஆள் அனுப்ப வேண்டும் என்பது ஒன்று. 64 பிள்ளைகளுக்குச் சட்டப்படி மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்பது மற்றொன்று. நகலை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் பதினொரு பெண்கள் நடந்து போனார்கள். அன்றைய கூலி போயிற்று. மூன்றாவது வாரம் துப்புரவுக்கு ஆள் வந்தது. ஆசிரியர் இன்னும் வரவில்லை. மாதாமாதம் நினைவூட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

முழு வெற்றி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பிள்ளையின் கை இப்போது பலப்பம் மட்டும்தான் பிடிக்கிறது.

யாரோடு சண்டை?

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆசிரியர் நம் எதிரி அல்ல. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர். ஐந்து வகுப்பை இரண்டு பேர் கட்டி மேய்க்கிறார்கள். இடையில் புள்ளிவிவரம் கேட்டு ஓயாமல் உத்தரவு வருகிறது. தப்பு நடந்தால் தட்டிக் கேளுங்கள். ஆனால் ஆளையும் பணத்தையும் தராமல் இருப்பவர் யார் என்பதை மறந்துவிடாதீர்கள். தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைத்த பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டில் 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. டெல்லியில் குழாயை மூடினால் நம் ஊர்ப் பள்ளியில் தொட்டி வற்றுகிறது.

எங்கள் குறையையும் சொல்லிவிடுகிறோம். இந்தக் கமிட்டிகள் வந்தபோது, சர்க்கார் வைத்த பொம்மை என்று நாங்கள் ஒதுக்கினோம். கூலிப் போராட்டத்துக்கும் பட்டாவுக்கும் ஓடியாடிய நாங்கள், நம் பிள்ளைகள் நாள் முழுதும் இருக்கிற இடத்தை எட்டிப் பார்க்கவில்லை. அது பிசகு. அந்தத் தாய்தான் எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்.

செய்ய வேண்டியவை

ஊர் திரும்பியதும் நான்கு காரியம் செய்யுங்கள். கூட்டத்துக்கு ஒருவராகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள். கூலி போகாத நேரத்தில் கூட்டம் வைக்கும்படி கேட்டுத் தீர்மானம் போடுங்கள். நோட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். தீர்மானத்தின் நகலை வாங்கி, அதே கோரிக்கையைக் கிராம சபையிலும் எழுப்புங்கள். மில் தோழர்கள் தங்கள் வீட்டுப் பெண்கள் கூட்டத்துக்குப் போகும் நாளில் சமையலையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் இதே இடத்தில் கூடுவோம். வரும்போது உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், எவ்வளவு மானியம் வந்தது, கழிப்பறையைக் கழுவுவது யார் என்ற நான்கு கேள்விக்கும் பதிலோடு வாருங்கள். அங்கிருந்து மேற்கொண்டு பேசுவோம்.