மூன்று ஊருக்கு ஒரு சங்கம்



அயர்லாந்து தேசத்தில் கில்கென்னி ஜில்லாவின் தென்பாகத்திலே பாலிஹேல் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் பெயர் தேசமெங்கும் பரவியதற்குக் காரணம் சந்தையுமன்று, ஆலையுமன்று. ஹர்லிங் என்னும் ஆட்டமே.

ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்று வளைந்த மட்டையால் சிறு தோற்பந்தை அடித்து ஆடுவது ஹர்லிங். பக்கத்துக்கு 15 பேர். கம்பங்களுக்கிடையே குறுக்குக் கட்டைக்கு மேலே பந்து சென்றால் ஒரு புள்ளி. கீழே புகுந்தால் மூன்று. பந்து ஆகாயத்தில் பறக்கும்போதே அடிக்கலாமாகையால், பார்ப்போர் நெஞ்சு பதைக்கும்படி ஆட்டம் விரையும்.

இப்பழைய விளையாட்டை ஒழுங்குபடுத்தி வளர்க்கும் பொருட்டு, 1884ஆம் வருஷம் நவம்பர் 1ந் தேதி தர்லஸ் நகரத்து ஹோட்டலொன்றில் மைக்கேல் கியூசாக் முதலிய சிலர் கூடி, கேலிக் விளையாட்டுச் சங்கத்தை ஸ்தாபித்தனர். ‘பங்கு’ எனப்படும் மாதாகோயில் வட்டாரமே அதன் கிளைகளுக்கு அஸ்திவாரம். கில்கென்னியில் ஒருவன் தன் பங்குக்கே ஆடவேண்டுமென்பது பொதுவிதி. ஆகவே செல்வமுள்ள ஊர், ஏழை ஊரின் நல்ல ஆட்டக்காரனை விலைபேசிக் கவர்ந்து கொள்வதற்கில்லை. ஆடுவோர் எவரும் சம்பளம் பெறுவதுமில்லை. ஆனால் இவ்விதியிலே ஒரு சங்கடமும் உண்டு. ஊர் சிறியதானால் படையும் சிறுத்துப்போம். வெளியாளைக் கொணர்ந்து நிரப்ப முடியாது.

1972ல் பாலிஹேல், நாக்டாஃபர், நாக்மாய்லன் ஆகிய மூன்று ஊர்களுக்கும் பொதுவாகப் பாலிஹேல் ஷாம்ராக்ஸ் என்ற ஒரே சங்கம் ஏற்பட்டது. பக்கத்து ஊரானோடு ஒரே நிறச் சட்டை அணிவதென்பது சொல்வதற்கு எளிது. ஊர்ப்போட்டியை அறிந்தவர்க்கே அதிலுள்ள கஷ்டம் விளங்கும்.

ஆறே வருஷத்தில், 1978ல், ஜில்லாவின் முதல்தரப் பந்தயத்தை இச்சங்கம் வென்றது. 1981ல் அகில அயர்லாந்து சங்கப் பந்தயத்தின் இறுதியாட்டம். எதிரே நின்றது கார்க் என்னும் பெருநகரத்து ஸெயின்ட் ஃபின்பார்ஸ் சங்கம். பாலிஹேலுக்கு ஆடியவர்களில் எழுவர் ஃபென்னெலி குடும்பத்துச் சகோதரர்கள்! ஒரு வீட்டிலிருந்து ஏறக்குறையப் பாதிப் படை. 18க்கு 14 என்ற கணக்கில் கிராமத்தார் வென்றனர். அவ்வெழுவரில் ஜெர் என்பவர் 1979லும், லியாம் என்பவர் 1983, 1992லும் கில்கென்னி ஜில்லாப் படைக்கே தலைமை வகித்து அகில அயர்லாந்து வெற்றி கண்டவர்கள்.

1984லும் 1990லும் மீண்டும் வெற்றி. அதன்பின் 17 வருஷம் அப்பரிசு கிட்டவில்லை. ஒரு தலைமுறை ஓய்ந்து மறு தலைமுறை முதிர அத்தனை காலம் ஆயிற்று. அப்புதிய தலைமுறையில் தோன்றியவரே ஹென்றி ஷெஃப்லின். 2000க்கும் 2014க்கும் இடையே ஜில்லாவுக்காக ஆடி 10 அகில அயர்லாந்துப் பதக்கங்கள் பெற்ற இவர், சொந்த ஊர்ச் சங்கத்தை விட்டாரில்லை. 2007, 2010, 2015 ஆகிய வருஷங்களில் வென்ற ஊர்ப்படையில் இருந்தார்; ஆட்டத்திலிருந்து ஓய்ந்தபின் அதே சங்கத்துக்குப் பயிற்சித் தலைவராகி, 2019லும் 2020லும் வெற்றி தேடித்தந்தார்.

2022 பிப்ரவரியில் டப்ளின் நகரில் நடந்த இறுதியாட்டத்தில், பாலிகன்னர் சங்கத்தார் கடைசி க்ஷணத்தில் பந்தை வலைக்குள் அடித்துவிட்டனர். ஒரே புள்ளியில் தோல்வி. கைக்கு வந்த பரிசு இவ்வாறு நழுவினால் எப்பேர்ப்பட்ட சங்கமும் கலகலத்துப்போவதுண்டு. பாலிஹேலாரோ அடுத்த ஜனவரியிலேயே மீண்டும் இறுதியாட்டத்தில் வந்து நின்று, ஆன்ட்ரிம் ஜில்லாவின் டன்லாய் சங்கத்தை 25க்கு 18 என்று வென்று, ஒன்பதாம் முறையாகப் பரிசை ஊருக்குக் கொண்டுசென்றனர்.